படங்கு மூடிய புல்

யட்டவத்த கடைத்தெருவில் மிளகும் கொக்கோவும் வாங்கி விற்ற மீராசாஹிப் முதலாளிக்கு, ஐம்பத்தாறாம் ஆண்டில் ஜே.பி., அதாவது சமாதான நீதவான், ஆகிவிட வேண்டுமென்று பித்துப் பிடித்தது. தன் பெயரை எழுதவே நாக்கைக் கடித்துக்கொள்ளும் மனுஷன், ஊரார் பத்திரங்களை அத்தாட்சிப்படுத்தப் போகிறாராம்! மனைவி ஸுபைதாவுக்குச் சிரிப்பை அடக்கத் தெரியாது. அடக்கவும் இல்லை.

மாத்தளை அரசாங்க ஏஜண்டு துரையை வீட்டுக்கு அழைத்துத் தேத்தண்ணி கொடுத்தால் காரியம் பலிக்கும் என்று யாரோ ஏற்றிவிட்டார்கள். தோட்டத்துத் துரைமார் பங்களாவுக்கு முன்னால் புல்தரை இருக்கிறது. இங்கே இருப்பதோ மிளகு காயப்போடும் முற்றம். அதைக் கொத்திப் புல் பதித்தார் முதலாளி. குற்றம் சொல்லக் கூடாது, இரண்டு மழையில் புல் பச்சைப் பசேலென்று பிடித்துக்கொண்டது. துரையும் வர ஒப்புக்கொண்டார்.

அதோடு சும்மா இருந்திருக்கலாம். வெயில் ஏறியதும் முதலாளியின் வியாபார மூளை வேலை செய்தது. பச்சை மிளகை வெயிலில் பரப்பினால் கறுத்துப் போகிறதல்லவா? அப்படியென்றால் பச்சையைத் தின்பது வெயில்தான்! மழைக்குச் சரக்கை மூடும் படங்குகளையெல்லாம் கொண்டுவந்து புல்லின் மேல் விரித்து, மூலைக்கு மூலை கல் வைத்தார்.

"ஏங்க, கவுத்து வச்ச சட்டிக்குக் கீழ புல்லு வெளிறிக் கெடக்கிறத நீங்க கண்டதே இல்லையா?" என்றாள் ஸுபைதா.

"காலமெல்லாம் வெயில்ல சரக்குக் காயவைக்கிறவன் நான். எனக்கு வெயிலப் பத்திப் பாடஞ் சொல்ல வந்துட்டா!"

எக்கேடோ கெடட்டும் என்று அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். துரை வரும்வரை, இரண்டு வாரமாய், படங்கு அசையவில்லை.

துரை காரிலிருந்து இறங்கினார். ஊர் கூடி நிற்க, முதலாளி தம் கையாலேயே படங்கை உருவினார். கீழே புல், வெந்த இடியப்பம் மாதிரி வெளிறி ஒட்டிக் கிடந்தது.

துரை தொப்பியைச் சரிசெய்துகொண்டார். கூட வந்த யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் மகாலிங்கத்துக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை. "வெயிலைக் குடிச்சால்தானே முதலாளி இலையிலை பச்சை ஊறும்? மிளகு ஆய்ஞ்ச பிறகு செத்த சாமான். இது உயிரோடை நிக்கிற புல்லெல்லோ!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. திரைக்குப் பின்னாலிருந்து ஸுபைதா இன்னும் உரக்கச் சிரித்தாள். "வந்துட்டாரு படங்கு ஜே.பி.!"

அரசாங்கம் அந்தப் பட்டத்தைக் கடைசிவரை கொடுக்கவில்லை. ஊர் அன்றைக்கே கொடுத்துவிட்டது. யாராவது அப்படி அழைத்தால் முதலாளி சோற்றில் கைகழுவிவிட்டு எழுந்துபோவார். ஸுபைதாவும் கோபம் வரும்போதெல்லாம் அதைச் சொல்லித்தான் குத்துவாள்.

எழுபத்து மூன்றாம் ஆண்டில் அவர் மௌத்தானார். மரண அறிவிப்புச் செய்யும் பள்ளிவாசல் மோதினார் றஹீம் வந்து தயங்கி நின்றார்.

"ராத்தா, ஊர்ல மூணு மீராசாஹிப் இருக்காங்க. பேர மட்டும் சொன்னா எந்த மீராசாஹிப்னு சனங்களுக்கு வெளங்காது. எப்படி அறிவிக்க?"

அவருக்கா தெரியாது? அந்தப் பட்டப்பெயரைத் தம் வாயால் சொல்லக் கூச்சம்.

ஸுபைதா முக்காட்டால் வாயைப் பொத்தினாள். பிறகு சொன்னாள்: "படங்கு ஜே.பி.ன்னு சொல்லுங்க. அப்பதான் வருவாங்க."

ஒலிபெருக்கி அப்படியே அறிவித்தது. ஊர் திரண்டு வந்தது. காதைப் பொத்திக்கொண்டு அழுதவள் அவள் ஒருத்திதான்.