வெர்னா கேட்ட இடைத்தேர்தல்

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவின் வடகரையில், எங்கள் மஸல் ஹார்பர் ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் வெர்னா கீப்பிங். ஐம்பத்து நான்கு வயது. பதினாறு வருடமாக எங்கள் கட்சியின் தொகுதிச் செயலாளர். வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அவள் பின்னால் நடந்தவன் நான்.

அந்தத் தேர்தல் பிப்ரவரியில் வந்தது. தலைநகர் ஒட்டாவாவில் ஆளுங்கட்சிக்குப் பெரும்பான்மை இல்லை. பட்ஜெட் மீதான வாக்கெடுப்பில் தோற்றுப்போக, சபை கலைந்தது. எங்கள் வேட்பாளர் ஜெரால்ட் பார்டி, முன்னாள் பள்ளி ஆசிரியர். மேடையில் நன்றாகப் பேசுவார். முழங்கால் வலி என்பதால் பனியில் நடக்கமாட்டார். பாதி ஊருக்கு மேல் வெர்னாதான் கதவு தட்டினாள். இந்த அரசு போகவேண்டுமானால் ஜெரால்டை அனுப்புங்கள் என்று வீட்டுக்கு வீடு சொன்னாள்.

மறு எண்ணிக்கையில் அறுபத்து மூன்று ஓட்டு வித்தியாசத்தில் ஜெரால்ட் ஜெயித்தார். ஆனால் அரசு போகவில்லை. அதே கட்சி மறுபடி வந்தது, பெரும்பான்மைக்கு ஒரே ஓர் இடம் குறைவாக.

பதினோரு வாரம் கழித்து அந்த இடத்தை ஜெரால்டே நிரப்பினார். ஆளுங்கட்சிக்குத் தாவிவிட்டார். பேருந்தைக் கழுவிக்கொண்டிருந்த வெர்னா ரேடியோவில்தான் அதைக் கேட்டாள். அவளுக்கு ஒரு ஃபோன்கூட வரவில்லை.

ஊர் ஜெரால்டைக் கேட்கவில்லை, அவளைத்தான் கேட்டது. மீன் ஆலை வாசலில் ஹெய்வர்ட் என்கிற படகுக்காரர் பேருந்தையே நிறுத்தினார்.

"ஏம்மா வெர்னா, நான் எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டேன்னு நீயே சொல்லிடு. எனக்கு மறந்துபோச்சு."

பின்னால் பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் வண்டியை எடுத்தாள்.

சனிக்கிழமை என்னையும் அழைத்துக்கொண்டு ஜெரால்டின் அலுவலகத்துக்குப் போனாள். பதவியை விட்டுவிட்டு, புதுக் கட்சியின் பெயரிலேயே மறுபடி நில்லுங்கள் என்றாள். அவர் நிதானமாகத்தான் பேசினார்.

"ஓட்டுச் சீட்டுல என் பேருதானே இருந்துச்சு, வெர்னா?"

"அதுக்குக் கீழ கட்சி பேரும் இருந்துச்சு."

"எதிர்ப்பக்கம் உக்காந்துக்கிட்டு உங்களுக்கு என்னத்தக் கொண்டு வர முடியும்? படகுத்துறை இடிஞ்சு கிடக்கு. அது வேணுமா வேண்டாமா?"

"வேணும். அதைச் சொல்லியே ஓட்டுக் கேட்டிருக்கலாமே. வாசல் வாசலா நின்னு வேற கதை சொன்னது நானு."

அவர் அடுத்த சந்திப்புக்கு நேரமாகிவிட்டது என்றார்.

இடைத்தேர்தல் வேண்டுமென்று வெர்னா மனு எழுதினாள். கோடை முழுக்க அலைந்து நாலாயிரத்துச் சொச்சம் கையெழுத்து வாங்கினாள். ஒட்டாவாவிலிருந்து அரைப் பக்கத்தில் பதில் வந்தது. மக்கள் தேர்ந்தெடுத்தது உறுப்பினரை. அவர் கட்சி மாறினால் இடம் காலியாகாது. இடைத்தேர்தலுக்குச் சட்டத்தில் வழியில்லை. அவள் அதை மூன்று தரம் படித்துவிட்டு, பேருந்தில் ஓட்டுநர் தலைக்கு மேலுள்ள வெயில் மறைப்பில் செருகி வைத்தாள்.

படகுத்துறை கட்டப்பட்டது. நன்றாகவே கட்டினார்கள்.

அடுத்த தேர்தலுக்கு எங்கள் கட்சித் தலைமை அனுப்பிய வேட்பாளருக்கு எங்கள் ஊரின் பெயரே சரியாக வாயில் வரவில்லை. இருந்தும் வெர்னா கதவு தட்டினாள். மனுவில் கையெழுத்துப் போட்டவர்களே உள்ளே கூப்பிட்டு, தேநீர் கொடுத்து, இந்தத் தடவை ஓட்டு ஜெரால்டுக்குத்தான் என்று கூச்சத்தோடு சொன்னார்கள். அவர் இரண்டாயிரத்து நூறு ஓட்டில் ஜெயித்தார்.

எண்ணிக்கை முடிந்து காரில் திரும்பும்போது அவள் கேட்டாள்.

"கையெழுத்துப் போட்டப்ப அவங்க பொய் சொல்லல. இன்னிக்கு ஓட்டுப் போட்டப்பவும் பொய் சொல்லல. அப்ப நான் யாருமேல கோவப்படுறது, சொல்லு?"



செயலாளர் பதவியில் தொடரச் சொல்லிக் கட்சியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. அவள் இன்னும் பதில் போடவில்லை. காலையில் பேருந்து மட்டும் நேரத்துக்கு வருகிறது.