ஸ்டியரிங்குக்கு எண்ணெய் அடித்தவர்

போன சனிக்கிழமை வித்துரா தாண்டி, பொன்முடி ஏற்றத்தின் முதல் வளைவில் ‘டொக்’ என்று ஒரு சத்தம். மலர்விழி ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தாள். நான் ஸீட்டை இறுக்கிப் பிடித்தேன்.

“கேட்டுச்சாடி?”

“கேட்டுச்சு. என்னது அது?”

“என் வண்டி போச்சு” என்று ஓரமாக நிறுத்தினாள்.

விஷயம் இதுதான். மலர் என் பள்ளித் தோழி. ஆரியசாலையில் பருப்பு மொத்த வியாபாரம். நாற்பத்தெட்டு வயதில், யாரையும் கேட்காமல் ரெண்டே ஸீட் உள்ள ஒரு பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிவிட்டாள். அவள் வீட்டுக்காரர் கணபதி அண்ணன் அவள் ஓட்டி அன்றுவரை அதில் ஏறியதில்லை. ஒரே வருஷத்தில் ரெண்டு தடவை ஸ்டியரிங் கோளாறு. “மூணாவது தடவை வந்தா வித்துடணும்” என்று அவர் சொல்ல, இவளும் வீம்புக்கு “சரி” என்று சொல்லித் தொலைத்திருந்தாள்.

மெக்கானிக் ராபினுக்கு போன் போட்டோம். களியக்காவிளைக்காரர். “ஒரு அடி நகர்த்தாண்டாம் சேச்சி, அங்ஙன நில்லுங்க” என்று ரெக்கவரி வண்டி அனுப்பினார். மலர் சொன்ன சொல் தவறாதவள். வீட்டுக்கும் அவளே போன் பண்ணி, மூணாவது தடவையும் வந்துவிட்டது என்று சொல்லிவிட்டாள்.

ராபினின் கரமனை ஒர்க்‌ஷாப்பில் வண்டி லிஃப்டில் ஏறியதும் நானும் அடியில் போய் நின்றுகொண்டேன். எனக்கு கார் ஓட்டத் தெரியாது. ஆனால் எதைத் திறந்தாலும் எட்டிப் பார்க்காமல் இருக்க முடியாது... என்ன செய்ய, பிறவிக் குணம்!

ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் எப்படித் திரும்புகிறது? என்றாவது யோசித்திருக்கிறீர்களா? நான் யோசித்ததே இல்லை. ஒரு கம்பி — அதன் முனையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு மூட்டு. டை ராடு எண்ட் என்கிறார்கள். நம் தோள்பட்டை மாதிரி உள்ளே ஒரு குண்டு, கிரீஸில் உருளுகிறது. மண்ணும் தண்ணீரும் போகாமலிருக்க மேலே ஒரு ரப்பர் உறை. அவ்வளவுதான்! அட, இதை நம்பியா மலையேறப் பார்த்தோம்!

ராபின் அந்த உறையை விரலால் அமுக்கினார். ஊறிப்போன வடை மாதிரி பிய்ந்து வந்தது.

“இது எண்ணெய் குடிச்சு வீங்கினதாக்கும் சேச்சி. அடியில ஆயில் ஸ்பிரே அடிச்சியளா?”

“நானா? இல்லையே!”

“பின்னே ஆரு? நல்லா அடிச்சு வச்சிருக்கே. இரும்புக்கு அது கொள்ளாம், நல்லதாக்கும். ரப்பருக்கு விஷமல்லே? உறை கிழிஞ்சா மண்ணு கேறும், கிரீஸ் போவும், மூட்டு ஆடும். ரெண்டு தடவையும் பார்ட்டைத்தான் மாத்தினேன், காரணம் தேடல்ல. என் தப்பும் உண்டு.”

அப்போதுதான் வந்து சேர்ந்திருந்த கணபதி அண்ணன் தொண்டையைச் செருமினார்.

“நாந்தான்.”

மூவரும் திரும்பினோம்.

“ஞாயித்துக்கிழமை நீ கோயிலுக்குப் போற நேரத்துல... வாட்டர் சர்வீஸுக்கு எடுத்துட்டுப் போய், அடியில எண்ணெய் அடிச்சுட்டு வருவேன். சங்குமுகம் கடல் உப்புக்காத்து சும்மா விடுமா? துருப்பிடிச்சு, மலையில நீ திருப்பறப்ப உடைஞ்சு போச்சுன்னா? வித்துடு வித்துடுன்னு நான் ஏன் கத்தறேன்னு நினைச்சே?”

பாவம் மனுஷன், முகம் சுண்டிப்போயிற்று. மலர் சண்டை போடுவாள் என்று நினைத்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்து ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு நடந்துவிட்டாள். நான் விடுவேனா? பின்னாலேயே ஓடினேன்.

கடைக்காரர் ஷோகேஸிலிருந்து பளபளவென்று ஒன்றை நீட்டினார். மலர் தொடவே இல்லை. ஆரியசாலையில் யாராவது மூட்டையின் மேல்வாய்ப் பருப்பைப் பார்த்துச் சரக்கு எடுப்பார்களா? அடியில் குத்தி எடுத்துத்தான் பார்ப்பார்கள். “உள்ளே இருக்கறதை எடுங்க” என்றாள். மூன்று கம்பெனி அட்டைப்பெட்டிகள் வந்தன. ஒவ்வொன்றிலும் அந்தக் குண்டு மூட்டுப் பகுதியை விரலால் சுழற்றினாள். ஒன்று லொடலொடத்தது. இன்னொன்றின் உறையை மடக்கினால் மயிரிழையாக வெடிப்பு. மூன்றாவது இறுக்கமாக, பிசிறில்லாமல் சுழன்றது. நம்பரை ராபினிடம் போனில் சரிபார்த்து, ரெண்டு பக்கத்துக்கும் ஜோடியாக வாங்கினாள்.

திரும்பும்போது எனக்கு ஒரே யோசனை. அக்கறை என்று நாம் தினமும் எதையெதையோ ஊற்றிக்கொண்டே இருக்கிறோமே... பிள்ளைகள் மேல், கட்டினவர் மேல். அது எந்த ரப்பரைத் தின்கிறது என்று குனிந்து பார்க்கிறோமா?

பார்ட்டைப் பூட்டி, வீல் அலைன்மென்ட் முடிந்தது. ராபின் கையைத் துடைத்துக்கொண்டு, “ஓட்டிப் பாருங்க சேச்சி. சத்தம் கேக்க ஒராளு கூட இருக்கணும்” என்றார்.

நான் கைப்பையை எடுப்பதற்குள் கணபதி அண்ணன் கதவைத் திறந்து உட்கார்ந்துவிட்டார்! பெல்ட்டை ரெண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.

“பயமா இல்லையா?” என்றாள் மலர்.

“பயமாத்தான் இருக்கு. நீ ஓட்டு.”

நான் ஆட்டோ பிடித்து வீடு வந்து சேர்ந்தேன்.