இலையின் மறுபாதி

ஆதியம்மாளுக்கு நாற்பத்தாறு வயது வரை ஒரு வேளைச் சோறுகூட நிம்மதியாகத் தொண்டையில் இறங்கியதில்லை. வீட்டில் அரிசிக்குப் பஞ்சம் என்று நினைத்துவிடக் கூடாது. திருக்கழுக்குன்றத்துக்குக் கிழக்கே ஏரிக்கரையை ஒட்டின ஊரில் இரண்டு காணி நஞ்சை, கொல்லையில் எருமை, குதிர் நிறைய நெல். குறை அதில் இல்லை. அந்த வீட்டில் அவள் புருஷன் தாண்டவராயனின் கண் எட்டாத மூலை என்று ஒன்றுகூட இல்லை. அதுதான் குறை.

அந்தக் கண்ணுக்கு வெளியூர்களிலும் பெயர் இருந்தது. பத்து மைல் சுற்றுவட்டத்தில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் பந்தி விசாரிக்கத் தாண்டவராயனைத்தான் அழைப்பார்கள். சமைப்பதும் பரிமாறுவதும் வேறு ஆட்கள். இவர் வேலை பார்ப்பது மட்டும். நூறு இலை போட்ட பந்தலின் வாசலில் நின்று ஒரு தடவை பார்வையை ஓட்டினால் போதும், கோடியில் இருக்கிற பச்சைச் சட்டைக்கு ரசம் வரவில்லை, தூணோரம் உட்கார்ந்த அம்மாளுக்கு உப்பு வைக்கவில்லை என்று சொல்லிவிடுவார். இலையின் நுனி சாப்பிடுகிறவரின் இடது கைப் பக்கம் வரவேண்டும். நுனியில் உப்பு, அதையடுத்து ஊறுகாய், அப்புறம்தான் மற்றதெல்லாம். இதில் ஒரு விரற்கடை பிசகினாலும் பரிமாறுகிறவன் தொலைந்தான்.

வெளியே எல்லாரும் மெச்சிய அந்தக் கண் வீட்டுக்குள் செய்ததை யாரும் கேட்டதில்லை. குனிந்தால் ஏன் குனிந்தாய், நிமிர்ந்தால் யாரைப் பார்த்தாய். கிணற்றடியில் பக்கத்து வீட்டுக்காரியோடு இரண்டு வார்த்தை பேசினதற்குக் கரண்டிக் காம்பால் வாங்கிய அடியின் தழும்பு அவள் முழங்கையில் இன்னும் இருந்தது. அவள் சாப்பிட உட்கார்ந்தால் எதிரே வந்து உட்கார்ந்துகொள்வார். ஒன்றும் பேசமாட்டார், பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டாம் முறை அவள் கை சோற்றுச் சட்டிக்குப் போனால் தொண்டையைச் செருமுவார். போன கை திரும்பி வந்துவிடும். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பின பிறகு அந்தக் கண்ணுக்கு வேறு வேலையும் இல்லாமல் போயிற்று. இப்படிப்பட்ட மனிதரை ஊர் விவரமானவர் என்றது. ஊருக்கென்ன, சாப்பிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டது.

எழுபத்தேழாம் வருஷம் ஆவணியில் மாமல்லபுரத்தில் ஒரு கல்யாணம். மோர் பரிமாறுகிறவனைத் திட்டிக்கொண்டிருக்கும்போதே தாண்டவராயன் பந்தலில் சாய்ந்து விழுந்தார். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் கிடந்தார். கஞ்சியும் பாலும் வாயில் ஊற்றவேண்டியிருந்தது. இடது கையும் இடது காலும் வழங்கவில்லை. வாய் மட்டும் ஒரு குறையும் இல்லாமல் வீடு வந்து சேர்ந்தது.

வீட்டுக்கு வந்த முதல் நாள் சுவரில் சாய்த்து உட்காரவைத்து, இலை போட்டாள். உப்பு, ஊறுகாய், அவரைக்காய்ப் பொரியல், கருவாட்டுக் குழம்பு. கையை வைத்தவர் உடனே நிறுத்தினார்.

"உப்பு எங்கடி?"

"இலையிலதான் கீது."

"எங்கடி கீது? எனக்கு இன்னா கண்ணு பொட்டையா? ஊறுகா எங்க?"

ஆதியம்மாள் விரலால் தொட்டுக் காட்டினாள். அவர் அவள் விரல் பக்கமே திரும்பவில்லை. சோற்றில் வலது பாதியைத் தின்றார். இடது பாதி வைத்தது வைத்தபடி இருந்தது. "அவ்ளோதானா? மனுசனுக்குப் போடற சோறா இது?" என்று கத்தி, இலையைப் பிடித்து இழுத்துத் தள்ளினார். மீந்த சோறு அவள் கால்மேல் வந்து விழுந்தது.

படுத்தும் திமிர் அடங்கவில்லை என்றுதான் அவள் நினைத்தாள். வேறு என்ன நினைப்பாள்? இருபத்தெட்டு வருஷமாகக் குற்றம் கண்டுபிடித்த மனிதர், இப்போது இல்லாத குற்றத்தை உண்டாக்குகிறார். தினம் இதே கதை நடந்தது. பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அவர் சொன்னார்: "பாதி வயித்துக்குத்தான் போடறா. கை வுழுந்துட்சின்னா மனுசன் செத்துட்டான்னு நெனச்சிக்கினா." வந்தவர்கள் அவர் ஒட்டின கன்னத்தைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள், ஒன்றும் சொல்லாமல் போனார்கள். தெருவில் போய்ச் சொன்னார்கள்.

பதினைந்து நாள் கழித்து ஒரு மத்தியானம். திருக்கழுக்குன்றத்து மலையில் உச்சிவேளைப் பிரசாதத்துக்கு வரும் கழுகு வந்து போயாகிவிட்டது. அவருக்கு இலை போட்டுவிட்டுப் போய், தண்ணீர்ச் செம்போடு கொல்லைப் பக்கமிருந்து வந்தவள் அவருக்கு இடப் பக்கம் வந்து நின்றாள். அவள் தலையைக் கண்டாலே வசவு தொடங்கும். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை.

"இந்தக் கயித எங்க பூட்டா?" என்று அவர் வலப் பக்கத்துக் கதவைப் பார்த்து முணுமுணுத்தார். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

ஆதியம்மாள் அசையாமல் அவர் கண்ணைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கண்ணை அவள் நேராகப் பார்த்தது அப்போதுதான். அது இலையின் வலது ஓரத்தில் தொடங்கியது. பொரியலைத் தொட்டது, நடுச் சோறு வரை வந்தது, அங்கே குறுக்கே சுவர் இருப்பதுபோல் திரும்பி மறுபடி வலப் பக்கமே ஓடிவிட்டது. மறுபடி நடு வரை வந்தது, மறுபடி திரும்பியது. நடிக்கிறவன் ஒரு தடவையாவது ஓரக்கண்ணால் பார்ப்பான். இவர் பார்க்கவில்லை. இவருக்கு அந்தப் பக்கம் என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை.

அவள் குனிந்து இலையை ஒரு விரலால் மெதுவாகச் சுழற்றினாள். இடது பாதி வலப் பக்கம் வந்தது.

"இப்பத்தான் உப்பு வெக்கத் தோணிச்சா?" என்று உறுமினார் தாண்டவராயன். ஊறுகாயைக்கூட விடாமல் வழித்துத் தின்றார்.

அவளுக்கு முதலில் பயம் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. அடுப்படிக்குப் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். கொஞ்சம் அழுகையும் கலந்துவிட்டது. அன்று முதல் பாதிச் சாப்பாட்டில் இலையைத் திருப்பிவிடுவது வழக்கமாயிற்று. அவருக்கு வயிறு நிறைந்தது. நன்றி சொன்னாரா என்று கேட்கவேண்டாம்.

இந்த நேரத்தில்தான் செல்லம்மா வந்து சேர்ந்தாள். தாண்டவராயனின் தங்கை, சதுரங்கப்பட்டினத்தில் வாழ்க்கைப்பட்டவள். அண்ணன் பட்டினி கிடக்கிறார் என்ற பேச்சு அவள் காதுக்குப் போயிருந்தது. வாசலில் செருப்பை விட்டு உள்ளே வந்தவள் கண்ணில் முதலில் பட்டது இலை. நுனி வலப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது.

அந்தப் பக்கத்து ஊர்களில் இலையை நுனி மாற்றிப் போடுவது ஒரே ஒரு சமயத்தில்தான். கருமாதியில், செத்தவருக்குப் படைக்கும்போது.

"ஐயோ, உசுரோட கீற எங்கண்ணனுக்குக் கருமாதி இலை போட்டுட்டாளே!" என்று செல்லம்மா போட்ட கூச்சலில் ஏரிக்கரையில் மாடு மேய்த்தவன்கூட ஓடிவந்தான்.

"செல்லம்மா, கொஞ்சம் கேளு. அவருக்கு இந்தப் பக்கம் தெரியல. திருப்பி வெச்சாத்தான்..."

"இன்னாத்தக் கேக்கறது? நூறு எலைய வாசல்ல நின்னு பாத்தவரு எங்கண்ணன். அவருக்கா ஒரு எலை தெரியல? சோறு போடாம கொன்னுட்டு, மின்னாடியே சடங்கும் பண்ணிப் பாக்கிறியா?"

தாண்டவராயனும் சும்மா இருக்கவில்லை. தங்கையின் குரல் கேட்டதும், "சொல்லும்மா, நல்லாக் கேளு அவள" என்று எடுத்துக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பங்காளிகளைக் கூட்டுவது என்று முடிவாயிற்று. செல்லம்மா கேட்டது ஒன்றுதான். அண்ணனைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போகவேண்டும், இந்த வீட்டைப் பூட்டிச் சாவியைப் பங்காளிகள் வைத்துக்கொள்ளவேண்டும், ஆதியம்மாள் பிறந்த வீட்டுக்குப் போய்விடவேண்டும். பிறந்த வீடு என்று அவளுக்கு இருந்தது வேடந்தாங்கல் பக்கம் ஒரு தம்பி. பன்னிரண்டு வருஷமாக முகம் பார்த்ததில்லை. புருஷனைப் பட்டினி போட்டவள் என்ற பெயரோடு போனால் அவன் மாட்டுக் கொட்டகையில்கூட இடம் கொடுக்கமாட்டான். அந்த மூன்று நாளும் தெருவில் ஒருத்தியும் அவளோடு பேசவில்லை. கிணற்றடிக்குப் போனால் குடத்தை எடுத்துக்கொண்டு விலகினார்கள்.

ஞாயிறன்று பங்காளிகள் ஆறு பேர் வந்தார்கள். மூத்தவர் அருணகிரி, தாண்டவராயனின் பெரியப்பா மகன். எதையும் இரண்டு தடவை கேட்டுத்தான் வாயைத் திறப்பார். செல்லம்மா அழுது தீர்த்ததை முழுக்கக் கேட்டார். ஆதியம்மாளைப் பார்த்து, "நீ இன்னாம்மா சொல்ற?" என்றார்.

"நான் ஒண்ணும் சொல்லல மாமா. செல்லம்மா தன் கையால சமைச்சு, தன் கையாலயே ஒரு எலை போடட்டும். நான் கிட்டவே வரமாட்டேன். நீங்க எல்லாரும் பாருங்க."

செல்லம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. கூடையில் கொண்டுவந்திருந்த கடல் இறாலை அவளே தொக்கு வைத்தாள். அண்ணன் முன்னால் நுனி இலையை முறைப்படி போட்டாள். உப்பு, மாங்காய் ஊறுகாய், அப்பளம், பாயசம், தொக்கு, சோறு. ஒரு குறை சொல்ல முடியாது. இடப் பக்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "சாப்பிடுண்ணே. யாரு கையும் படாத சோறு" என்றாள்.

தாண்டவராயன் சாப்பிட்டார். ஆறு ஆண்பிள்ளைகளும் அவர் கையையே பார்த்தார்கள். வலப் பக்கத்துத் தொக்கு தீர்ந்தது. சோறு நட்டநடுவில் கத்தியால் வெட்டினதுபோல் பாதி காலியானது. கை நின்றது.

"உப்பு வெக்கல. ஊறுகா இல்ல. அப்பளம்கூட இல்ல. யாரு போட்ட எலை இது?"

"நான்தாண்ணே! செல்லம்மா. எல்லாம் வெச்சிருக்கேனே, பாரு!"

"செல்லம்மாவா?" அவர் வலப் பக்கம் உட்கார்ந்திருந்த அருணகிரியின் முகத்தில் தங்கையைத் தேடினார். இல்லை என்றதும் குரல் ஏறியது. "எங்க ஒளிஞ்சுகினு பேசற? நீயும் அவகூட சேந்துட்டியா? கூடப் பொறந்தவன்னுகூட பாக்காம அரை வயித்துக்குப் போடறியா? நீயெல்லாம் ஒரு பொம்பளையா, தூ!"

இருபத்தெட்டு வருஷம் அண்ணிக்கு மட்டும் கிடைத்ததை அன்றைக்கு முதல்முறையாகத் தங்கை வாங்கினாள். ஒரு முழம்கூட இல்லாத தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, தன்னைப் பார்க்காத அண்ணனிடம் வாங்கினாள்.

ஆதியம்மாள் எழுந்து வந்தாள். இலையைத் திருப்பிவைத்தாள். "ம், இப்ப வருது பாரு" என்று சொல்லிவிட்டுத் தாண்டவராயன் பாயசம் வரை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். அருணகிரி நெடுநேரம் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். "நாம எல்லாரும் பாவிங்கடா" என்றார். செல்லம்மா காலிக் கூடையை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்கே போய்விட்டாள். ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை. ஆதியம்மாளும் எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் அருணகிரியே வாடகைக் கார் பிடித்து இருவரையும் செங்கல்பட்டுக்கு அழைத்துப்போனார். அங்கே தனியாக வைத்தியம் பார்த்த டாக்டர் திருநாவுக்கரசு ஒரு தாளில் நீளமாகக் கோடு போட்டு, நடுவில் புள்ளி வைக்கச் சொன்னார். தாண்டவராயன் வலது கோடியை ஒட்டி வைத்து, "சரியா நடுவுல" என்றார். தாள் முழுவதும் இறைந்து கிடந்த நட்சத்திரங்களைச் சுழிக்கச் சொன்னார். வலப் பக்கத்தில் ஒன்று பாக்கியில்லை, இடப் பக்கத்தில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. டாக்டர் தாளைப் பார்க்கவில்லை, எதிரே குனிந்து அவர் கண் போகிற வழியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஆதியம்மாளைத் தனியாக அழைத்தார்.

"கண்ணுல ஒரு கோளாறும் இல்லம்மா. மூளையில வலப் பக்கம் அடிபட்டிருக்கு. அதனால இடப் பக்கம்னு ஒண்ணு இருக்கற நெனப்பே அவருக்கு இல்ல. நெனப்பு இல்லாத இடத்துக்குக் கண்ணு தேடிப் போகாது. இலையைத் திருப்பினது உங்க புத்திசாலித்தனம். ஆனா அது போதாது. தினமும் அவருக்கு இடப் பக்கம் உட்காருங்க. அங்கேயிருந்து பேர் சொல்லி, கையைத் தொட்டு, கூப்பிட்டுக்கிட்டே இருங்க. திரும்பிப் பார்க்கற வரைக்கும் விடாதீங்க. ஆறு மாசம், ஒரு வருஷம் ஆகலாம். பழகப் பழகக் கண்ணு அந்தப் பக்கம் வர ஆரம்பிக்கும். வேற யாராலயும் முடியாது, நீங்கதான் பண்ணணும்."

"பழையபடியே பாப்பாரா டாக்டர்?"

"பெரும்பாலும் பார்ப்பார்ம்மா" என்றார் டாக்டர், ஆறுதல் சொல்வதாக நினைத்து.

அன்று சாயங்காலம் வீட்டில் அவருக்கு இலை போட்டாள். பாதியில் திருப்பிவிட்டாள். அவர் குறையில்லாமல் சாப்பிட்டார். பிறகு தனக்கும் ஒரு இலை போட்டுக்கொண்டு, டாக்டர் சொன்னபடியே அவருக்கு இடப் பக்கம், தோள் இடிக்காத தூரத்தில் உட்கார்ந்தாள்.

"எங்கடி பூட்ட?" என்று வலப் பக்கத்துக் கதவைப் பார்த்துக் கத்தினார் தாண்டவராயன். "ஏய், உன்னத்தான்!"

ஆதியம்மாள் சட்டியை இழுத்து இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டாள். தொண்டையைச் செரும யாரும் இல்லை. மூன்றாம் முறையும் போட்டுக்கொண்டு, நிதானமாகப் பிசைந்து, கடைசிக் கவளம் வரை சாப்பிட்டாள். அவர் கத்திக்கொண்டே இருந்தார். டாக்டர் இரண்டு காரியம் சொல்லியிருந்தார். உட்காரச் சொன்னதை அவள் ஒரு நாளும் தவறவிடவில்லை. கூப்பிடச் சொன்னதை அன்றைக்கும் செய்யவில்லை, அதற்குப் பிறகும் செய்யவில்லை.