செல்வியைப் பிரான்சுக்கு அனுப்பியவர்

அண்ணன் கலியமூர்த்தி காலமான செய்தி உப்பளத்தில் என் வீட்டுக்கு வந்தபோது நான் முகச்சவரம் செய்துகொண்டிருந்தேன். போனில் அண்ணன் மகன் மதி அழுதான். மீதிக் கன்னத்தையும் மழித்துவிட்டுத்தான் லாஸ்பேட்டையில் அவர் வீட்டுக்குப் புறப்பட்டேன். அவருக்காக அவசரப்பட்டு எனக்குப் பழக்கமில்லை.

மில்லில் அவரோடு வேலை பார்த்த நண்பர்கள் நீங்கள், "அவரப் பத்தி நாலு வரி நல்லதா எழுதுப்பா" என்று கேட்டீர்கள். நல்லதாக வருமா என்பது என் கையில் இல்லை. மதிக்கு எதையும் படிக்கிற பழக்கம் கிடையாது என்பதால் உள்ளதை எழுதுகிறேன்.

உங்களுக்குத் தெரிந்த கலியமூர்த்தி, ஷிப்டுக்கு நேரத்துக்கு வருகிற, அதிகம் பேசாத மனிதர். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பார்த்திருக்க வேண்டும். கறிச்சோறு தின்றதும் டிவியை அணைத்துவிட்டு, பிள்ளைகளையும் பின்னாளில் பேரப்பிள்ளைகளையும் சுற்றி உட்காரவைத்து, பாகூர்ப் பக்கம் நாங்கள் வளர்ந்த கதையை அவிழ்த்துவிடுவார். கதையில் எங்கள் வீட்டில் எட்டு ஜோடி மாடு. உண்மையில் எங்களிடம் ஓர் ஆடுகூட இல்லை. அப்பா ஊரார் நிலத்தில் கூலிக்கு உழுதார். கதையில் அண்ணன் பாகூர் ஏரியை அக்கரைவரை நீந்துவார். முழங்கால் தண்ணீரில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அலறிய ஆள் அவர்.

ஒருமுறை நேரிலேயே கேட்டேன். "ஏண்ணே இப்படிப் புளுகற?"

சிரித்தார். "கொஞ்சம் வெல்லம் போட்டாத்தாண்டா புள்ளைங்க முழுங்கும்."

அதற்குப் பிறகு ஞாயிறுகளில் நான் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. வாயைப் பிளந்து கேட்ட கூட்டத்தையும் எனக்குப் பிடிக்கவில்லை. மதி அரசு ஆபீசில் வேலை பார்க்கிறவன். அவனும் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவான்.

சாவு வீட்டில் மூன்று மணிக்கு எடுப்பதாகப் பேச்சு. மாலைகள் வந்தாயிற்று, மேளமும் வந்தாயிற்று. மதி எடுக்க விடவில்லை, பிரான்சிலிருந்து ஆள் வர வேண்டும் என்றான். புதுச்சேரியில் இது புதிதல்ல. பிள்ளையோ பெண்ணோ அங்கே இருந்தால் ஐஸ் பெட்டியில் உடலை வைத்துக் காத்திருப்பார்கள். ஆனால் எங்கள் குடும்பத்தில் பிரான்சில் யார்? மதி என்னை ஓரமாக அழைத்தான்.

"சித்தப்பா, கால்ல விழறேன். செல்வி அத்தைக்கு ஒரு போன் போடுங்க. நம்பர் உங்ககிட்டதான் இருக்குன்னு அப்பா சொல்வாரு."

"எந்தச் செல்வி?"

"பாத்தீங்களா, இன்னும் கோவம் போவல. பிரெஞ்சுப் பட்டாளத்து சொல்தாவக் கட்டிக்கிட்டு பிரான்சுக்குப் போனதுலேர்ந்து உங்களோட சண்டை, அதான் ஊர்ப் பக்கமே வர்றதில்லன்னு அப்பா சொல்லிருக்காரு. உங்ககிட்ட கேக்கக் கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கிட்டாரு. அண்ணன் மொகத்தயாச்சும் வந்து பாக்கட்டும் சித்தப்பா."

செல்வி எங்கள் தங்கை. ஏழு வயதில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. மாட்டுவண்டியில் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும் வழியில், அண்ணன் மடியில் தலைவைத்தபடியே போய்விட்டாள். நான் பின்னால் நடந்து வந்தேன். வண்டி ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்வரை அவர் அவளிடம் ஏதோ கதை சொல்லிக்கொண்டே வந்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, ஐஸ் பெட்டியைத் தட்டி அவரை எழுப்பிக் கேட்டிருப்பேன். செத்தவளை வளர்த்து, கல்யாணம் கட்டிக்கொடுத்து, கப்பலேற்றிவிட்டு, அவள் வராத பழியை என் தலையில் போட்டிருக்கிறார். இத்தனை வருடம் அந்த வீட்டில் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்ததன் காரணம் அன்றுதான் தெரிந்தது. கோழை. ஒரு சாவைச் சாவு என்று சொல்லத் தைரியமில்லாத கோழை.

செல்போனை எடுத்துக்கொண்டு பந்தலுக்கு வெளியே போனேன். யாரையும் கூப்பிடாமல் கொஞ்ச நேரம் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். திரும்பி வந்து மதியிடம், "பிளேன் கெடைக்கலியாம். எடுத்துடச் சொல்றா. ரொம்ப அழுவுறா" என்றேன்.

மதி என் கையைப் பிடித்துக்கொண்டான். "சண்ட தீந்துச்சா சித்தப்பா?"

"இல்ல" என்றேன்.

அண்ணனிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அந்தச் சண்டை ஒன்றுதான். அதை நான் சாகும்வரை விடப்போவதில்லை. தீர்ந்துவிட்டது என்று சொன்னால், செல்வி வர வேண்டியிருக்கும்.