முத்தம்மா அக்கா வெட்டிய நம்பர்

யாராவது பேய், ஆவி என்று ஆரம்பித்தால் "அதுகிட்ட ஐ.சி. அட்டை இருக்கான்னு கேட்டியா?" என்று நக்கலடித்தே ஐம்பத்து நாலு வருஷத்தை ஓட்டியவன் நான். இதை உங்களிடம் சொல்வதற்கே வெட்கமாக இருக்கிறது. அதுவும் பேய்க்கதை என்றால் நடுச்சாமம், நாய் ஊளை, கரண்ட் கட் எல்லாம் இருக்க வேண்டும் இல்லையா, எனக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, பகல் மூன்றரை மணி, வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது.

நான் கஹவத்தை டவுனில் ஒரு ஹார்ட்வேர் கடையில் வேலை செய்கிறேன். ஆணி, பெயின்ட், பி.வி.சி. குழாய். எந்த நம்பரை ஒரு தடவை கேட்டாலும் மறக்க மாட்டேன், அதனால் நான் குடியிருக்கும் ரப்பர் தோட்டத்தில் எனக்கு நம்பர் பரமு என்று பெயர். பஸ்ஸில் வரும்போது பிள்ளைகளிடம் பரீட்சை வைப்பேன். போலீஸ்? நூற்றுப் பத்தொன்பது. மண்சரிவு? நூற்றுப் பதினேழு. பிள்ளைகளுக்குக் கொடுமை நடந்தால்? ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்பது. அம்புலன்ஸ்? ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு. இதையெல்லாம் மனப்பாடமாக வைத்துக்கொண்டு கடைசியில் நான் செய்த கூத்தைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை.

எங்கள் தோட்டத்தில் மேல் டிவிஷன், கீழ் டிவிஷன் என்று இரண்டு. கீழ் டிவிஷனில் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பத்துக் காம்பரா கொண்ட லயம். தோட்டத்து வேலையாட்களுக்கு மேலே தனி வீடு கட்டிக் கொடுத்ததும் எல்லோரும் சட்டி பானையோடு ஏறிப் போய்விட்டார்கள். தோட்டத்தில் வேலை செய்யாததால் லிஸ்டில் என் பெயர் இல்லை. மனைவி, பேரப்பிள்ளையைப் பார்க்கக் கொழும்பில் மகளோடு போய் நின்றவள், நின்றவள்தான். மிஞ்சியது நானும் பக்கத்துக் காம்பரா முத்தம்மா அக்காவும். அவளுக்கு மேலே வீடு கிடைத்தும் போகவில்லை. "நான் போயிட்டா நீ யார்கிட்டடா பேசுவ, செவுத்துகிட்டயா?" என்பாள்.

அக்கா முப்பது வருஷம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவள். எழுத்தும் தெரியாது, எண்ணும் தெரியாது. நெஞ்சு வலி அடிக்கடி வந்ததால் ஒரு நாள் என் பொத்தான் போனைக் கொடுத்து அம்புலன்ஸ் நம்பர் பழக்கினேன்.

"நான் என்ன பெரிய தொரையா, நம்பர் அடிச்சு வண்டி கூப்புட?"

"அடிச்சுப் பாரு அக்கா. இந்தா, இடது பக்கம் மேல் மூலை. அப்புறம் வலது பக்கம் கீழ, ரெண்டு தரம். அப்புறம் நடுவுல அடியில ஒண்ணு."

அவள் பொத்தான்களைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அடேய், இது பால் வெட்டுதான்டா! மேல கத்திய வை, கீழ வரைக்கும் இழு, ரெண்டு தட்டு தட்டு, அடியில செரட்டைய வை."

நம்பினால் நம்புங்கள், அவள் சொன்னது அச்சு அசல் சரி. ரப்பர் மரத்தில் வெட்டு இடது மேலிருந்து வலது கீழே சரிந்துதான் இறங்கும், அடியில் சிரட்டையில் பால் சொட்டும். அதற்குப் பிறகு என் போனை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு வெட்டிப் பழகுவாள். லைன் போவதற்குள் நான் பறித்து நிறுத்துவேன். அவள் விரல் இடுக்கில் எப்போதும் ரப்பர் பால் காய்ந்து ஒட்டியிருக்கும். "என் போனை ஒட்டுப்பாலாக்காத அக்கா" என்று கத்துவேன்.

ஆனால் அவளுக்கு நிஜமாகவே நெஞ்சு வலி வந்த அன்று நம்பர் அடித்தது நான்தான். இப்போது சொல்லப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. போனில் இடம் கேட்டார்கள். தெருவும் இல்லை, வீட்டு நம்பரும் இல்லை, லயத்துக்கு என்ன விலாசம் சொல்வது? பதறிப்போய், கீழ் டிவிஷன் என்பதற்குப் பதில் மேல் டிவிஷன் என்று சொல்லிவிட்டேன். வண்டி மேலே ஏறி, தேடி, திரும்பி இறங்கி வர அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. "வந்துட்டாங்களா பரமு?" என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். "வந்துகிட்டே இருக்காங்க அக்கா" என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். வண்டி வந்தபோது கேட்க அவள் இல்லை. பாதை மோசம், வண்டி மாட்டிக்கொண்டது என்று ஊருக்குச் சொல்லிவிட்டேன். ஊரும் நம்பியது.

அதற்குப் பிறகு பத்துக் காம்பராவுக்கும் நான் ஒருவன். கீழ் டிவிஷன் ரப்பர் மரங்களையும் பிடுங்கிவிட்டார்கள். கடையில் பகலெல்லாம் ஜோக்கடித்துவிட்டு வந்து, ராத்திரி சுவரைப் பார்த்து மிச்ச ஜோக்கைச் சொல்வேன். சிரிக்கத்தான் ஆளில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மேல் டிவிஷன் கோயிலில் தேர். ஒலிபெருக்கிச் சத்தம் மலை இறங்கி வந்துகொண்டிருந்தது. லயத்துக்குப் பின்னால் பலாக்காய் ஒன்றைக் கம்பால் தட்டப் போனேன். காயைத் தட்டினேனோ இல்லையோ, குளவிக் கூட்டைத் தட்டிவிட்டேன். ஆறேழு கொட்டு. ஏற்கெனவே ஒரு தடவை குளவி கொட்டி மூச்சு முட்டி, "இனி கொட்டினால் ஒரு நிமிஷமும் வீட்டில் இருக்காதே" என்று டாக்டர் சொல்லியிருந்தார். உதடு வீங்குகிறது, தொண்டை இறுகுகிறது. உள்ளே ஓடி வந்து போனை எடுத்தேன்.

நம்பர் பரமு அடித்த நம்பர் என்ன தெரியுமா? 1929.

"பிள்ளைக்கு எத்தனை வயசு?" என்று ஒரு பெண் தன்மையாகக் கேட்டாள்.

"ஐம்பத்து நாலு" என்றேன்.

குளவி என்று எப்படியோ சொன்னேன். உடனே அம்புலன்சுக்கு எடுக்கச் சொல்லி, பாவம், நம்பரையும் அவளே எனக்குப் பாடம் சொன்னாள். நன்றி சொல்லக்கூட நாக்கு புரளவில்லை. போன் கையிலிருந்து நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது, நானும் விழுந்தேன். மேலே தேர் புறப்படுகிறது என்று மைக்கில் சொன்னார்கள். இவ்வளவு சனம் இருக்கும் தோட்டத்தில் இப்படித் தனியாகப் போகிறோமே என்று நினைத்தேன். கத்த முயன்றேன், காற்றுதான் வந்தது. வாயாடியான எனக்குக் கடைசி நேரத்தில் வாயே இல்லை. அவ்வளவுதான் நினைவிருக்கிறது.

கண் திறந்தபோது அம்புலன்சுக்குள் இருந்தேன். ஊசி போட்டிருந்தார்கள். வண்டியில் வேலை செய்யும் பலாங்கொடைப் பக்கத்து முஸ்லிம் பையன் ஒருவன் பக்கத்தில் இருந்தான்.

"அண்ணே, வீட்ல இருந்த அம்மா வண்டியில ஏறல்லயே?"

யாரும் இல்லை என்று கையை ஆட்டினேன்.

"இல்லண்ணே, பாதை கேட்டு நாங்க ஒங்கட நம்பருக்குத் திருப்பி எடுத்த நேரம் அவங்கதானே கதெச்சாங்க. கீழ் டிவிஷன், கீழ் டிவிஷன், போன தடவ மாதிரி மேல போயிடாதீங்கன்னு மூணு தரம் சொன்னாங்க. வார வழியெல்லாம் லைன்லயே இருந்தாங்க."

எனக்கு உடம்பு சில்லிட்டது. ஊசியின் குளிர்ச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"இன்னொண்ணும் சொன்னாங்க" என்று அவன் சிரித்தான். "அவன் ஓயாமப் பேசுறவன், சத்தமே இல்லாமக் கெடக்கான், சுருக்கா வாங்கன்னு."

அவர்கள் கூடவே எடுத்து வந்திருந்த போனை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். 1929க்கு எடுத்தது இருந்தது. அதற்கு அடுத்து 1990. அதற்கு அடுத்து, வெளியிலிருந்து வந்த அழைப்பு ஒன்று, பதினொரு நிமிஷம். மயக்கத்தில் நானே அடித்திருப்பேன் என்கிறீர்கள். அடித்திருக்கலாம், சண்டைக்கு வரவில்லை. பேசியது யார்? போன தடவை வண்டி மேலே போனதை அவனிடம் சொன்னது யார்? நான் தப்பாகச் சொன்னது அக்காவுக்கே தெரியாது என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். "வந்துகிட்டே இருக்காங்க" என்று நான் பொய் சொல்லிக்கொண்டிருந்தபோதே அவளுக்குத் தெரிந்திருந்ததா? அவள் அந்தப் பையனிடம் சொன்னது கோபமா, கேலியா? அவள் பேசினால் இரண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கும்.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாகப் பக்கத்துக் காம்பராவைப் பார்த்தேன். நான் போட்ட பூட்டு அப்படியே இருந்தது, சாவி என் இடுப்பில்.

இப்போது மகள் வாங்கித் தந்த டச் போனைத்தான் பாவிக்கிறேன். இந்தப் பொத்தான் போனைச் சும்மா சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். பாருங்கள், ஒன்று, ஒன்பது, பூச்சியம், இந்த மூன்று பொத்தானிலும் மட்டும் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. மோந்து பார்த்தால் ரப்பர் பால். துடைத்தேன், மறுநாளும் இருந்தது. ரப்பர் பால் என்றால் கொஞ்ச நேரத்தில் காய்ந்து தோலாகிவிட வேண்டும். மாசக்கணக்காகிறது, இது இன்னும் ஈரம்.

விரல் வைத்துப் பாருங்களேன். வேண்டாமா?

சரி. நானும் வைப்பதில்லை.