இன்ஸ்பெக்டர் வீட்டில் பறந்த தட்டு

இப்போது வரும் துப்பறியும் தொடர்களில் பிணம் கிடைத்த சூட்டோடு கதை இன்ஸ்பெக்டரின் வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறது. மனைவியோடு பேச்சுவார்த்தை இல்லை, மகள் சொன்ன பேச்சுக் கேட்பதில்லை, மாமியாருக்கு மறதி. கொலைகாரனைப் பிடிக்க யாருக்கும் நேரமில்லை. என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொள்வார். எனக்கு இதெல்லாம் பழகிய சங்கதி. மலாய் நாடு விடுதலையாகிச் சில வருடங்கள் கழித்து, காஜா பேராங்கில் எங்கள் வீட்டுக் கூடத்திலேயே இந்தக் கூத்து நடந்தது. என் அக்காவின் கல்யாணம் அதில் மாட்டிக்கொண்டு முழித்தது.

அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். தமிழும் மலாயும் சரளம், சீனத்தில் பேரம் பேசுவார், ஆங்கிலம் மட்டும் வராது. ஆனாலும் தொலைக்காட்சிப் பெட்டி வாங்கிய நாளிலிருந்து, வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்த ஆங்கிலத் துப்பறியும் தொடர் என்றால் அவருக்கு உயிர். வசனங்களை மொழிபெயர்ப்பது அக்காவின் வேலை. பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்ததால் அவள் ஆங்கிலம் வெகு ஜோராக இருக்கும். பக்கத்து வீட்டு சிட்டி அம்மாவும் வந்து உட்காருவார். சிட்டிகள் எந்தக் காலத்திலோ இங்கே வந்து தங்கிவிட்ட தமிழ் வம்சம்; அவர் கும்பிடுவது நம் சாமியைத்தான், பேசுவது மட்டும் மலாய். அப்பாவுக்கோ தமிழில் கேட்டால்தான் ருசிக்கும். ஆகவே அக்கா ஒவ்வொரு வசனத்தையும் இரண்டு மொழிகளில் சொல்லியாக வேண்டும். அதற்குள் அடுத்த கொலையே விழுந்துவிடும்.

அந்த இன்ஸ்பெக்டருக்கு வீடு கிடையாது, பெண்டாட்டி கிடையாது, பசிகூடக் கிடையாது. தொப்பியை மாட்டுவார், மோப்பம் பிடிப்பார், கடைசியில் ஆளை அமுக்கிவிடுவார். "ஆம்பளைன்னா இவன்லா!" என்று அப்பா தொடையைத் தட்டுவார்.

அப்படித் தொடையைத் தட்டிக்கொண்டிருந்த காலத்தில்தான் அக்காவைப் பெண் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளை குருபோங் ரப்பர் தோட்டத்தில் பிறந்து, படித்து, போலீஸில் துப்பறியும் பிரிவில் சேர்ந்தவர். அடிபட்டவர்களிடம் வாக்குமூலம் வாங்க அக்காவின் வார்டுக்கு வந்திருக்கிறார். முதல் தடவை வந்தது வாக்குமூலத்துக்கு. மற்ற தடவைகள் எதற்கு என்று அந்த வார்டில் மயக்கத்தில் கிடந்தவர்களுக்கும் தெரியும். அக்காவுக்கு அவர் என்றால் அவர்தான், வேறு ஆளில்லை. அப்பா மட்டும் இழுத்தார்.

"மத்தா வேலை பாக்குறவன் வீட்டுல தங்குவானா? எம்பொண்ணு வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணுமா?" என்றார். போலீஸை நாங்கள் மத்தா என்போம். இருந்தாலும் தொப்பிக்கார இன்ஸ்பெக்டரின் புண்ணியத்தில் அவர் மனம் கொஞ்சம் கொஞ்சமாக இளகி வந்தது.

அந்த நேரம் பார்த்துத் தொடரை எடுத்த படுபாவிகள் இன்ஸ்பெக்டருக்குக் கல்யாணம் செய்து வைத்தார்கள். அதோடு போயிற்று. கதை ஸ்டேஷனை விட்டுச் சமையலறைக்குக் குடிபெயர்ந்தது. மனைவி மேசையில் சாப்பாட்டை எடுத்து வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்ப்பாள், இவர் வரமாட்டார்.

"பொணம் எங்க? பொணத்தக் காட்டச் சொல்லு!" என்று அப்பா கத்தினார். இரண்டு வாரம் கத்தினார். மூன்றாவது வாரம் கத்தாமல் உற்றுப் பார்க்க ஆரம்பித்தார். அக்கா உஷாராகிவிட்டாள்.

மொழிபெயர்ப்பு அன்றிலிருந்து தடம் மாறியது. 'உங்களைக் கட்டிக்கொண்டு என்ன சுகத்தைக் கண்டேன்' என்று அந்த மனைவி அழுவாள். "மழை வரும்போல இருக்கு, குடை எடுத்துக்கிட்டுப் போங்கன்னு சொல்றாங்கப்பா" என்பாள் அக்கா. நான் இங்கிலீஷ் ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தேன், எனக்குப் புரியும். தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரிப்பேன். அக்கா என் தொடையைக் கிள்ளுவாள்.

முடிவைச் சொல்ல அப்பா மாப்பிள்ளையை வரச் சொன்னதும் ஒரு வெள்ளிக்கிழமைதான். அவர் சட்டையில் மடிப்புக் கலையாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். தொடர் ஆரம்பித்தது. இன்ஸ்பெக்டர் வழக்கம்போல் நேரம் கழித்து வீட்டுக்கு வந்தார். மனைவி ஏதோ கத்தினாள். தட்டு பறந்து சுவரில் மோதியது.

"சாப்பாடு ஆறிப் போச்சாம், சுட வைக்கப் போறாங்களாம்" என்றாள் அக்கா.

"சுட வைக்கிறதுக்குத் தட்டு ஏன்மா பறக்குது?" என்றார் அப்பா. திரையில் அந்த அம்மாள் பெட்டியில் துணியை அடுக்கிக்கொண்டிருந்தாள். சிட்டி அம்மா "கெசியான்" என்று பரிதாபப்பட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பா மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க இங்கிலீஷ் படிச்சவங்க. உண்மையச் சொல்லுங்க. அது என்ன சொல்லுது?"

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா கண்ணாலேயே கெஞ்சினாள். ஒரு பொய் சொன்னால் பெண் கிடைத்துவிடும்.

"புருசன விட்டுட்டுப் போறாங்க ஐயா. காத்திருந்து காத்திருந்து அலுத்துப் போச்சாம்."

அப்பா எழுந்து போய்த் தொலைக்காட்சியை அணைத்தார். "இதுக்குத்தான் நான் பயந்தேன்" என்றார். எனக்கே சிரிப்பு போய்விட்டது.

அக்காவுக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. "அந்தம்மாவுக்கு வேலை வெட்டி இல்லப்பா, அதான் காத்துக்கிட்டு கெடக்கு. மாசத்துல பாதி நாள் எனக்கு ராத்திரி டூட்டி. இவரு வீட்டுக்கு வர்ற நேரம் நான் வார்டுல நிப்பேன். நானா காத்திருக்கப் போறேன்? இவருதான் காத்திருக்கணும்!"

அக்கா டூட்டி முடிந்து வரும்வரை சோற்றை மூடி வைத்துவிட்டுக் காத்திருக்கும் அம்மாவை அப்பா திரும்பிப் பார்த்தார். இந்தக் கணக்கு அவருக்குத் தோன்றவே இல்லை என்பது முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. எனக்குக் கைதட்ட வேண்டும்போல் அவ்வளவு சந்தோஷம்.

"தம்பிக்குச் சமைக்கத் தெரியுமா?" என்றார், நிஜப் போலீஸ் விசாரணை மாதிரி.

"சோறு வடிப்பேன் ஐயா. விடியறதுக்குள்ள அம்மா தோட்டத்துல பால் வெட்டப் போயிடுவாங்க, சின்ன வயசுலேயே பழக்கம். கறியெல்லாம் வராது."

அப்பா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்: "ஞாயித்துக்கெழம இந்தப் பிள்ளைய அடுப்படிக்குக் கூப்பிட்டு மீன் கறி வைக்கச் சொல்லிக் குடு. எம்பொண்ணு டூட்டி முடிஞ்சு பசியோட வரும்."