ஹெட்விக் தவறவிட்ட கையுறை

மெயின் தெருவில் எங்கள் கொட்டகையில் பெண்கள் மேடை நடுவில் ஆடிக்கொண்டே ஒவ்வொரு உடுப்பாகக் கழற்றி ஓரத்துக்கு வீசுவார்கள். அதைப் பார்க்கத்தான் பாதி லாஸ் ஏஞ்சலஸ் டிக்கெட் வாங்கியது. வீசிய உடுப்பு எங்கே போகிறது என்று ஒருத்தனும் யோசித்ததில்லை. அது ஹெட்விக் குஸ்னியாக்கின் கைக்குப் போனது.

பத்தொன்பது வருஷமாக அவளுக்கு அதுதான் உத்தியோகம். திரைக்குப் பின்னால் நின்று கையுறை, காலுறை, பாவாடை, இறகு மாலை எல்லாவற்றையும் தரையில் படாமல் பிடிக்க வேண்டும். பட்டால் ஜிகினா உதிரும். உதிர்ந்ததைத் திரும்பத் தைக்க வேண்டியவளும் அவள்தான். ஒன்றுகூட விழுந்ததில்லை என்று நான் சத்தியமே செய்வேன், ஏனென்றால் மேடைக்குக் கீழே வாத்தியக்காரர்கள் உட்காரும் குழியில் டிரம் அடித்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறெதையும் பார்க்கவில்லையா என்று கேட்காதீர்கள்.

இந்தப் பத்தொன்பது வருஷத்தில் அவள் சிரித்ததும் இல்லை. எங்கள் கோமாளி மோ பின்ஸ்கருக்கு அது தீராத மனக்குறை. ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். அவன் ஓரக்கண்ணால் ஹெட்விக்கைப் பார்ப்பான். அவள் காலுறை மடித்துக்கொண்டிருப்பாள்.

“ஒரு தடவ சிரிச்சா என்னம்மா, முத்தா உதிர்ந்துடும்?”

“உடுப்பப் பிடிக்கிறதுக்குத்தான் எனக்குச் சம்பளம். சிரிக்கிறதுக்கு இல்ல.”

இத்தனைக்கும் அவனுடைய பெரிய சிரிப்பே அவள் கையில்தான் இருந்தது. டாக்டர் நாடகத்தின் கடைசியில் மோவின் கால்சட்டை கழன்று விழும். அதில் சுறா பிடிக்கிற தூண்டில் நரம்பு ஒன்றைக் கட்டி, மறுமுனையை ஹெட்விக் வைத்திருப்பாள். நான் டிரம்மை ஒரு தட்டு தட்டியதும் இழுப்பாள்.

ஐம்பத்து மூன்றாம் வருஷம் டன்ஃபி என்று ஒரு படக்காரர் வந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் ஆட்டம் முழுவதையும் ஒரே கேமராவை நட்டுவைத்துப் படம் பிடித்துவிடுவதாகத் திட்டம்.

“நிறுத்தவும் மாட்டேன், திரும்ப எடுக்கவும் மாட்டேன். தும்மினாலும் படத்துல இருக்கும்,” என்றார்.

மோவுக்கு வயது அறுபத்து மூன்று. நாற்பது வருஷம் கால்சட்டை அவிழ்த்ததற்கு ஒரு சாட்சி கிடைக்கப்போகிறது என்று முந்தின நாள் முழுக்கக் கொட்டகையைச் சுற்றிச் சுற்றி வந்தான். பாவமாக இருந்தது. பதற்றத்தில் கால்சட்டை முன்கூட்டியே விழுந்துவிடுமோ என்று பயந்து, யாரிடமும் சொல்லாமல் இடுப்பில் ஒரு பெல்ட்டை வேறு மாட்டிக்கொண்டான். ஹெட்விக் இழுக்கிற நேரம் வந்ததும் கழற்றிவிடலாம் என்று கணக்கு.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கேமரா ஓட ஆரம்பித்த பிறகுதான் எங்கள் மூளைக்கு ஒன்று எட்டியது. கொட்டகையில் கூட்டமே இல்லை.

“டாக்டர், எனக்கு ராத்திரியில தூக்கமே வரல,” என்றான் மோ.

“பகல்ல வருதா?”

“நல்லா வருது. ஆனா நான் பஸ் டிரைவர்.”

வழக்கமாக இங்கே மூன்று எண்ணும்வரை சிரிப்பு வரும். மோ பழக்கதோஷத்தில் நின்று மூன்று எண்ணினான். காலி நாற்காலிகள் அவனைப் பார்த்தன. அடுத்ததைச் சொன்னான், மறுபடி எண்ணினான். நான்காவது எண்ணலில் வசனமே மறந்துபோய், கழுத்தில் வேர்வை ஓட டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தான். படம் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது, அதைச் சொல்ல வெட்கமில்லை.

ஹெட்விக் என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். கால்சட்டையாவது காப்பாற்றட்டும் என்று நானும் டிரம்மைத் தட்டினேன். இழுத்தாள்.

கால்சட்டை வரவில்லை. மோ வந்தான்.

முதலில் ஒற்றைக் காலில் பக்கவாட்டாகத் தத்தினான். அவள் விடாமல் இழுத்தாள். அவன் டாக்டரின் மேஜையைப் பிடித்தான், மேஜையும் வந்தது. அதை விட்டுவிட்டு எலும்புக்கூடு பொம்மையைப் பிடித்தான், அதுவும் வந்தது. திரையோரம் வரை இரண்டும் ஜோடியாக ஓடிவந்தன. ஓரத்துக்கு வருகிற எதையும் தரையில் விட்டு அறியாதவள் ஹெட்விக். இரண்டு கையையும் நீட்டி மோவையும் எலும்புக்கூட்டையும் ஒன்றாகப் பிடித்துவிட்டாள்.

அவள் கைகளில் கிடந்தபடி மோ கேட்டான்: “டாக்டர், எனக்கு என்ன வியாதி?”

அப்போதுதான் ஹெட்விக் சிரித்தாள். பத்தொன்பது வருஷத்துப் பாக்கி அத்தனையும் வந்தது. விக்கல் எடுத்துச் சிரித்தாள், தரையில் உட்கார்ந்து சிரித்தாள். டாக்டர் வேஷக்காரன் மிரண்டு மறுபக்கம் ஓடிவிட்டான். இதற்குள் அடுத்த ஆட்டக்காரி லோரலை மேடைக்கு வந்து, கையுறையைக் கழற்றி, பழக்கப்படி ஓரத்துக்கு வீசினாள். பிடிக்க ஆளில்லாமல் அது மேடை மூலையில், கேமராவுக்குத் தெரியும்படி தரையில் விழுந்தது.

படம் எங்கள் கொட்டகையிலேயே ஒரு வாரம் ஓடியது. அந்த இடத்தில், லோரலை வரும்வரை, திரையில் ஒன்றுமே இருக்காது. காலி மேடை, சாய்ந்த மேஜை, எங்கிருந்தோ ஒரு பொம்பளைச் சிரிப்பு, அவ்வளவுதான். அதைக் கேட்டே ஜனம் உருண்டது. மோ ஒரு காட்சி விடாமல் வந்து உட்கார்ந்தான்.

“படத்துல பாதி நேரம் நீயே இல்லையே, என்னத்தப் பாக்குற?” என்று கேட்டேன்.

“நான் பாக்க வரலப்பா,” என்றான். அந்த இடம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டான்.

ஹெட்விக் ஒரே ஒரு தடவைதான் வந்தாள். கொட்டகை முழுக்க அவளோடு சேர்ந்து சிரிக்க, அவள் மட்டும் திரையின் மூலையையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

“பத்தொன்பது வருஷத்துல ஒண்ணே ஒண்ணு விழுந்துச்சு,” என்றாள். “அதையும் படம் பிடிச்சுட்டானுங்க.”